விழுகிறவனுக்கு விழுவது தெரியுமா?

தன் தவறைத் தானே கண்டுகொள்ளும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்பதை நம் ஒழுக்கப் பேச்சு முழுவதும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. மனசாட்சி உறுத்தும் என்கிறோம். உறுத்தவில்லை என்றால் தவறு நடக்கவில்லை என்று உள்ளூரத் தேறுதலும் அடைகிறோம். ஆனால் தவறும்போது எது பழுதாகிறதோ, அதைக் கொண்டேதான் தவறையும் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? சமயவாதிகள் பல நூற்றாண்டுகளாகப் போராடிவரும் கேள்வி இது. இதே கேள்வியோடு உயிரைப் பணயம் வைத்துப் போராடும் இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் தங்கள் கையாலேயே விமானம் கட்டிப் பறக்கிறவர்கள். இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு கருவியைப் பொருத்துவதா வேண்டாமா என்று அவர்கள் நடத்தும் விவாதம், தத்துவ வகுப்பில் நடக்க வேண்டிய விவாதம். அவர்களில் கவனமானவர்கள் வந்து சேர்ந்த முடிவும், புதுச்சேரிக்கு மேற்கே பெண்ணையாற்றங்கரையில் 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டார் சொன்ன முடிவும் ஒன்றுதான் என்பது என் வாதம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். விமானிகள் ‘ஸ்டால்’ என்று சொல்வது எஞ்சின் நின்றுபோவதை அல்ல. இறக்கை, எதிர்வரும் காற்றை ஒரு கோணத்தில் சந்திக்கிறது. கோணம் கூடக் கூட, விமானத்தைத் தூக்கும் விசையும் கூடும். சாதாரணச் சிறு விமானத்தில் சுமார் 15 முதல் 18 பாகையைத் தாண்டியதும் இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. தூக்கு விசை திடீரெனச் சரிகிறது. 1896 ஆகஸ்டில் ஓட்டோ லிலியந்தால் தன் கிளைடரோடு விழுந்து மறுநாள் இறந்தது இதனால்தான். இதை விமானி எதைக் கொண்டு அறிவது? கோணம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பெரும்பாலான விமானங்களில் வேகமானியைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறார்கள்: 50 நாட் வேகத்துக்குக் கீழே போனால் ஸ்டால் என்று எண்ணைப் பாடம் பண்ணி வைத்திருப்பார்கள். இந்த ஊகத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. குறிப்பிட்ட எடையோடு, சாயாமல், நேராகப் பறக்கும்போதுதான் அந்த எண் செல்லும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை இரட்டிப்பு எடையைத் தாங்க வேண்டியிருக்கும். 50 நாட்டில் வரவேண்டிய ஸ்டால் 71 நாட்டுக்கு அருகிலேயே வந்துவிடும். நெருப்பைக் கண்டதும் புகையும் இருக்கும் என்று முடிவு கட்டுகிறவன் விறகு ஈரமா என்று பார்க்க மறக்கிறான் என்று நியாய சாஸ்திரம் சொல்லும். அந்த மறந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். வேகமானியை மட்டும் நம்புகிறவரும் உபாதியை மறந்தவரே. எந்த வேகத்திலும் ஸ்டால் ஆகலாம், மூக்கு எந்தத் திசையை நோக்கியிருந்தாலும் ஆகலாம் என்பது பறப்பியலின் அடிப்படைப் பாடம்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த கருவிகளில் மிக எளியது செஸ்னா விமானங்களின் இடது இறக்கையில் இருக்கிறது. முன்விளிம்பில் ஒரு துளை. உள்ளே ஒரு குழல். அதன் முனையில் ஆர்மோனியத்தில் இருப்பது போல ஒரு ரீடு. கோணம் கூடும்போது துளையருகே காற்றழுத்தம் குறைந்து குழலுக்குள்ளிருந்து காற்று வெளியே உறிஞ்சப்படுகிறது, ரீடு ஊளையிடுகிறது. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். புறப்படுமுன் துளையின்மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சி, சத்தம் வருகிறதா என்று சோதிப்பார்கள். லியனார்ட் கிரீன் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த வகையில் துளைக்குப் பதில் ஒரு சிறு தகடு. காற்று இறக்கையில் மோதி மேலும் கீழுமாகப் பிரியும் இடம், கோணம் கூடும்போது முன்விளிம்பின் அடிப்பக்கமாக நகர்கிறது. அதனால் தகட்டின்மேல் காற்று கீழிருந்து மேலாக ஓடி அதைத் தூக்கிவிட, உள்ளே சுவிட்ச் போட்டு மணி அடிக்கிறது. இவை எல்லையில் மட்டும் கத்துகிறவை. கோணத்தைத் தொடர்ந்து காட்டும் மானிகள் வேறு: அழுத்தத்தை இரண்டு துளைகளில் அளந்து, பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளாக எல்லை எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்று காட்டிக்கொண்டே இருக்கும். எந்த வகையானாலும் இவற்றுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கிறது. செய்தியை இவை விமானியிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை. வெளியே ஓடும் காற்றிலிருந்து எடுக்கின்றன. அவர் பயந்திருக்கிறாரா, நம்பிக்கையோடு இருக்கிறாரா, எத்தனை ஆயிரம் மணி பறந்தவர் என்பதெல்லாம் துளைக்குத் தெரியாது.

தொழிற்சாலையில் தயாராகி முறைப்படிச் சான்று பெறும் விமானத்தில் ஸ்டாலுக்கு முன் தெளிவான எச்சரிக்கை இருந்தே தீர வேண்டும். வீட்டில் கட்டுகிற விமானத்துக்கு, இந்தக் கலை மிகவும் பரவியுள்ள அமெரிக்காவிலேயே, அந்தக் கட்டாயம் இல்லை. நம் நாட்டிலும் இந்த ஆர்வம் இல்லாமல் இல்லை. மும்பை காந்திவலியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் அமோல் யாதவ் கட்டிய விமானத்தை 2016 ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் நாடே பார்த்தது. பெங்களூரின் ராஜ் ஹம்ஸா நிறுவனத்தின் எக்ஸ்-ஏர் விமானங்கள் உதிரிபாகங்களாகவே வெளிநாடுகளுக்குப் போய், வாங்கியவர்களின் கொட்டகைகளில் உருவம் பெற்றிருக்கின்றன. இப்படிக் கட்டுகிறவர், கருவி வைப்பதா என்று தானே தீர்மானிக்க வேண்டும். அங்கேதான் ஒழுக்கக் கேள்வி நுழைகிறது. தெளிவோடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது, ‘ஒருநாள் மேலே எனக்குத் தெளிவு இருக்காது’ என்று ஒப்புக்கொள்கிறாரா? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் பொதுப் பறப்பு (ஜெனரல் ஏவியேஷன்) விமானங்களில் ஏறத்தாழ 10 விழுக்காடே வீட்டில் கட்டப்பட்டவை. 2011-ன் உயிர்ப்பலி விபத்துகளிலோ அவற்றின் பங்கு 21 விழுக்காடு. பறக்கையில் கட்டுப்பாட்டை இழப்பது அந்த மரணங்களுக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று.

கருவி வேண்டாம் என்கிறவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. நல்ல விமானிக்கு உடம்பே சொல்லிவிடும் என்பார்கள். கைப்பிடி தளர்ந்துபோகும், இறக்கை நடுங்கும், காற்றொலி மாறும். இதையெல்லாம் உணராதவன் பறக்கவே கூடாது. உண்மைதான், நாலாயிரம் அடி உயரத்தில், பயிற்சிக்காக, ஸ்டாலை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கும்போது. சாவுகள் அங்கே நேர்வதில்லை. ஓடுபாதையில் இறங்க வரும் கடைசித் திருப்பத்தில், சில நூறு அடி உயரத்தில் நேர்கின்றன. பாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிப் போய்விட்டோம் என்று விமானிக்குத் தெரிகிறது. தரைக்கு இத்தனை அருகில் அதிகம் சாயப் பயம். ஆகவே காலால் சுக்கானை மிதித்து மூக்கை உள்ளே இழுக்கிறார். அதனால் சாய்வு கூடுகிறது. கையால் எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிக்கட்டுகிறார். மூக்கு தாழ்கிறது, கைப்பிடியைத் தன்னை நோக்கி இழுக்கிறார். ஒவ்வொரு செயலும் அந்த நொடியில் சரியாகவே தோன்றும். கண் ஓடுபாதையில் ஒட்டிக்கிடக்கிறது, உள்காது திருப்பத்துக்குப் பழகிவிட்டது. உணர்வு வேலை செய்யாமலில்லை. அது முழு வேகத்தில் வேலை செய்து, தப்பான திசையில் கையை நடத்துகிறது.

மெய்கண்டார் மரபில் வழங்கும் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. திருத்துறையூர் அருணந்தி சிவாச்சாரியார் பெரும் சாத்திர வல்லவர், மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுரு. திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சிறுபிள்ளை ஆசானாக அமர்ந்து உபதேசம் செய்கிறது, தம் மாணவர்களும் அங்கே போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டுச் சினத்தோடு வந்தார். அவர் கேட்ட கேள்வி: ஆணவ மலத்தின் இயல்பு யாது? மெய்கண்டார் என்ற அந்தப் பிள்ளை வாய் திறக்கவில்லை. கேட்டவர் நின்ற நிலையைப் பாதம் முதல் தலைவரை பார்த்தது. தாம் தேடிய விடை தாமாகவே நிற்பதை அருணந்தி அப்போது உணர்ந்து காலில் விழுந்தார். இந்தக் கதையை அகந்தை கூடாது என்ற நீதிக்கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதன் கூர்மை வேறிடத்தில் இருக்கிறது. வந்தவர் அறியாதவரல்லர். எவற்றால் எதை அறியலாம் என்ற அளவை இலக்கணத்தைப் பின்னாளில் சிவஞான சித்தியாரில் விரித்துரைத்தவரே அவர். ஆணவத்தைப் பற்றிய நூலறிவு நிரம்ப இருந்தது. அதை வைத்து ஆணவத்தை எடைபோட்டுக் கொண்டிருந்ததே ஆணவம்தான். அதே மரபில் வந்த உமாபதி சிவம் திருவருட்பயனில் ஒரு வேறுபாடு காட்டுகிறார்: இருட்டு பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டிவிடும், ஆணவமோ தன்னையும் மறைத்துக்கொள்ளும். இருட்டில் நிற்பவனுக்கு இருட்டு என்றாவது தெரிகிறது. இவனுக்கு அதுவும் தெரியாது.

சித்தாந்தத்தின் அறிவுக் கொள்கையே இதன்மேல் நிற்கிறது. ஆன்மா எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். ஆகவே அது தானாக அறிவதில்லை, அறிவிக்க அறியும். நவீன மனத்துக்கு இது சுயமரியாதைக் குறைவாகப் படலாம். கடைசித் திருப்பத்தில் இருக்கும் விமானியை வைத்துப் பார்த்தால் இதில் அவமதிப்பு ஏதுமில்லை என்று புரியும். அவர் முட்டாளல்லர், சோம்பேறியல்லர். நிலைமையின் வண்ணமாகிவிட்டார், அவ்வளவுதான். அவருக்கு வேண்டியது இன்னும் கூடுதல் புத்தி அன்று. அந்த நிலைமைக்குள் சிக்காத ஒன்றின் செய்தி. ஆன்மாவுக்குக் கோணம் உண்டா, இயந்திரத்தை வைத்து அதை அளக்கலாமா என்று கேட்கலாம். ஆன்மாவுக்குக் கோணம் உண்டென்று நான் சொல்லவில்லை. தீர்ப்புச் சொல்லும் கருவியைக் குற்றமே கைப்பற்றிவிடுகிற அமைப்பு இரண்டு இடத்திலும் இருக்கிறது. அமைப்பு ஒன்றானால் அதிலிருந்து வரும் முடிவும் ஒன்றாகத்தான் இருக்கும்.

புதுச்சேரியிலிருந்தே வலுவான மறுப்பு ஒன்று எழும். 1910 ஏப்ரல் 4 அன்று இங்கு வந்து, 1950-ல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ஸ்ரீஅரவிந்தர் உள்ளிருக்கும் வழிகாட்டியையே பேசினார். வேதாந்த மரபும் சாட்சியாகிய ஆன்மா தன்னொளி உடையது, அதற்கு வெளிச்சம் காட்ட வேறொன்று வேண்டாம் என்கிறது. அப்படியானால் வெளியே துளை எதற்கு? இதற்கு அவருடைய எழுத்தைவிட அவருடைய நடைமுறை நல்ல பதில் சொல்கிறது. 1909-க்கும் 1927-க்கும் இடையே அவர் தம் சாதனையைப் பற்றி ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். அவர் வாழ்ந்தபோது அச்சேறாத அது, இன்று ‘ரெக்கார்ட் ஆஃப் யோகா’ என்ற பெயரில் இரண்டு பெரிய தொகுதிகளாகக் கிடைக்கிறது. பக்தி ரசம் தேடிப் போகிறவர்களுக்கு அது ஏமாற்றம் தரும். எது கைகூடியது, எது தவறியது, எது மறுபடி பின்வாங்கியது என்று ஒரு பொறியாளரின் வறட்சியோடு எழுதப்பட்டிருக்கிறது. பறக்கும் பறவை எந்தப் பக்கம் திரும்பும் என்று உள்ளுணர்வு சொன்னதைக் குறித்து, பறவை உண்மையில் எங்கே திரும்பியது என்று ஒப்பிட்டுப் பார்த்த பதிவுகள்கூட அதில் உண்டு. உள்ளொளியில் அவ்வளவு நம்பிக்கை வைத்தவர், தம் கருத்துக்கு வளைந்து கொடுக்காத ஒரு பறவையை அதற்குச் சோதனையாக வைத்தார். பின்னாளில் சீடர்களுக்கு எழுதிய கடிதங்களில் இடைநிலை வெளி ஒன்றைப் பற்றி எச்சரித்தார்: அங்கே குரல்கள் கேட்கும், காட்சிகள் தோன்றும், சாதகன் உச்சத்துக்கு வந்துவிட்டதாக நினைப்பான், ஆசையே தெய்வக் குரலில் பேசும். சாட்சி தன்னொளி உடையது என்பதை நான் மறுக்கவில்லை. சாட்சியின் குரல் எது, அதைப் போலப் பேசுவது எது என்று பிரித்தறிய வேண்டியவன் சாட்சியல்லாத சாதாரண மனிதன். அவனுக்குத்தான் துளை வேண்டும். மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிடுகிறவரும் இதையே செய்கிறார். கத்தோலிக்க முறையில் குருவானவரும் இன்னொரு குருவிடம்தான் போக வேண்டும். தனக்குத் தானே பாவமன்னிப்பு வழங்கிக்கொள்ள ஆயருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது: வெளியிலிருந்து வரும் எச்சரிக்கையே பொய்த்தால்? 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் விழுந்த இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்களில், கோணம் அளக்கும் ஒற்றை உணரி தவறான செய்தி தந்தது. அதை நம்பிய மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. இறந்தவர்கள் 346 பேர். பொய்க்குருவின் கையில் உயிரை ஒப்படைத்தவர்களின் கதையும் நம் நாட்டில் குறைவில்லை. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன், அதிலிருந்து இரண்டு பாடம் எடுத்துக்கொள்கிறேன். ஒரே வாயிலிருந்து வரும் செய்தியை எவ்வளவு புனிதமானாலும் தனியாக நம்பக் கூடாது. நம் மரபும் சுருதி, யுக்தி, அனுபவம் என மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. இரண்டாவது பாடம் எனக்கு இதைவிட முக்கியம். எச்சரிப்பது வேறு, கையைப் பிடித்துத் தானே இயக்குவது வேறு. செஸ்னாவின் ரீடு தப்பாகக் கத்தினாலும் விமானத்தை விழவைக்க அதனால் முடியாது. அதற்குக் கை கிடையாது. அந்த மென்பொருளுக்குக் கை இருந்தது. மெய்கண்டாரும் பார்த்தார், அவ்வளவுதான், விழுந்தது அருணந்தி. அறிவிக்கிறவன் அறிவிப்போடு நிற்கும்போதுதான் அறிபவனின் சுதந்திரம் உயிரோடிருக்கிறது. சீடனின் பணத்தையும் திருமணத்தையும் வாக்குச்சீட்டையும் தானே நடத்த வரும் குரு இந்த எல்லையைத் தாண்டியவர், அவர் சொல்வது சரியாகவே இருந்தாலும்.

விழவே முடியாத விமானத்தைக் கட்டிவிட்டால் எச்சரிக்கையே வேண்டாமே என்று நினைத்தவரும் உண்டு. பிரான்சின் ஆன்றி மிஞே 1933-ல் ‘பூ டு சியெல்’ என்ற குட்டி விமானத்தைக் கட்டிப் பறந்தார். அடுத்த ஆண்டு அதைக் கட்டும் முறையைப் புத்தகமாக எழுத, சாதாரண மக்கள் கொட்டகைகளில் அதைக் கட்டத் தொடங்கினார்கள். ஸ்டாலுக்கும் சுழல்வீழ்ச்சிக்கும் இடமில்லாமல் செய்வதே அவர் நோக்கம். முன்னிறக்கையையே அசையும்படி அமைத்தார். பிறகு விமானங்கள் வரிசையாகத் தலைகுப்புற விழுந்தன. பிரான்சிலும் இங்கிலாந்திலும் பெரிய காற்றுச் சுரங்கங்களில் சோதித்தபோது, கீழ்நோக்கிப் பாயத் தொடங்கினால் இரு இறக்கைகளுக்கிடையே ஓடும் காற்று மூக்கை நிமிரவிடாது என்று தெரிந்தது. ஒரு வீழ்ச்சியை அடியோடு ஒழித்த வடிவம், எச்சரிக்கையே இல்லாத வேறொரு வீழ்ச்சியை உள்ளே வைத்திருந்தது. ‘எங்கள் நெறியில் நழுவலே இல்லை’ என்று சொல்லும் எந்த மார்க்கத்தையும் இதை நினைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, அறிவித்தால் மட்டும் போதுமா என்ற கேள்வி நிற்கிறது. 2009 ஜூன் 1 இரவு அட்லாண்டிக் கடலின்மேல் ஏர் பிரான்ஸ் 447 விமானம் ஸ்டாலாகி, மூன்றரை நிமிடத்தில் 38,000 அடியிலிருந்து கடலில் விழுந்தது. விமானி அறையில் ‘ஸ்டால்’ என்ற எச்சரிக்கைக் குரல் 75 முறை ஒலித்தது. அதை வாய்விட்டு ஏற்று ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை என்று விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. கைப்பிடி பெரும்பாலும் பின்னுக்கே இழுக்கப்பட்டிருந்தது. கருவியிலும் ஒரு குறை இருந்தது: அளந்த வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால் கோணக் கணக்கைச் செல்லாததாகக் கருதிக் குரல் நின்றுவிடும், மூக்கைத் தாழ்த்தியதும் வேகம் கூடி மறுபடி கத்தும். சரியானதைச் செய்தபோது எச்சரிக்கை, தவறானதைச் செய்தபோது அமைதி. ஆனாலும் முதலில் 54 வினாடி அது இடைவிடாமல் கத்தியது. அதைக் கேட்ட காது இருந்தது, விட்டுக்கொடுக்கும் கை இல்லை. ஸ்டாலிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்த வேண்டும். விழுந்துகொண்டிருக்கும்போது இன்னும் கீழ்நோக்கிப் போகச் சம்மதிக்க வேண்டும். உடம்பு முழுவதும் மேலே இழு என்று கூவும்போது செய்ய வேண்டிய காரியம் இது. 1928-ல் வெளிவந்த ‘தி மதர்’ என்ற சிறு நூலில் ஸ்ரீஅரவிந்தர் சாதகனின் முயற்சியை மூன்றாகச் சொன்னார்: ஆர்வம், விலக்கல், சரணாகதி. முதல் இரண்டும் தன்முனைப்பாலும் நடக்கக்கூடியவை. மூன்றாவதற்குத் தன்முனைப்பே கையை எடுக்க வேண்டும்.

அந்தக் கை நெருக்கடியில் திடீரென்று உருவாகாது என்பது விமானப் பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் மாணவரை வேண்டிய உயரத்துக்குக் கூட்டிப்போய், வேண்டுமென்றே ஸ்டாலில் தள்ளி, ரீடு ஊளையிட்டதும் கைப்பிடியை முன்னுக்கு விடச் செய்கிறார்கள், திரும்பத் திரும்ப, தரைக்கு மேல் 1,500 அடிக்குக் குறையாமல் மீண்டுவிட வேண்டும் என்ற கணக்கோடு. யோசித்துச் செய்யும் நிலை போய், கை தானாக விடும்வரை இது நடக்கும். சமயத்தில் தினசரி அனுட்டானம் என்று நாம் சலிப்போடு செய்யும் பலவற்றுக்கும் இந்த வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடியார் கூட்டத்தில் கடைசியாக நிற்பதும், தன்னைவிட இளையவரிடம் திருத்தம் கேட்டுக்கொள்வதும் சாதாரண நாளில் பழகினால்தான் அருணந்திக்கு வந்தது போன்ற நாளில் முழங்கால் மடங்கும். மூச்சு முட்டும் கடைசி நேரத்தில் உன்னை நினைக்க என்னால் ஆகாது என்று, நல்ல நினைவோடு இருக்கும்போதே அரங்கனிடம் பெரியாழ்வார் முன்கூட்டிச் சொல்லி வைத்ததும் இந்தக் கணக்கில்தான்.